விக்ரம் சாராபாய்: தும்பா ராக்கெட்டின் தொனியும் தங்கை கீதாவின் சிந்தசைசரும் - இரண்டையும் இணைத்த மின்சுற்று எது?

1963 நவம்பர் 21, வியாழக்கிழமை. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் கிராமத்தில் இருந்து, மாலை மங்கும் நேரத்தில் ஒரு ராக்கெட் கிளம்பியது. மேலே போய் சோடியம் ஆவியைக் கக்கியது. வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. இந்திய மண்ணில் இருந்து விண்வெளி ஆய்வுக்காக ஏவப்பட்ட முதல் ராக்கெட் அது.

இரண்டு நாள் கழித்து, நவம்பர் 23, சனிக்கிழமை. லண்டனில் பிபிசி தொலைக்காட்சி 'டாக்டர் ஹூ' என்ற புதுத் தொடரின் முதல் பகுதியை ஒளிபரப்பியது. அதன் தொடக்க இசை அதுவரை யாரும் கேட்டிராத சத்தமாக இருந்தது. மெட்டு ரான் கிரெய்னர் போட்டது. அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷயர், கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த இளம் பெண். வயலின், டிரம்பெட் எதுவும் கிடையாது. பொறியாளர்கள் கருவிகளைச் சோதிக்க வைத்திருந்த ஆஸிலேட்டர்கள், இரைச்சல் ஒலி, மீட்டிய ஒற்றைக் கம்பி. இவற்றை டேப்பில் பதிவுசெய்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்.

இது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு நீங்கள் கேட்பது நியாயம். ஒரே வகைக் கருவிதான் சம்பந்தம். ராக்கெட்டில் இருந்து தகவலைத் தரைக்குக் கொண்டுவரும் டெலிமெட்ரியின் மையத்திலும் ஆஸிலேட்டர்தான், டெர்பிஷயரின் மேசையிலும் ஆஸிலேட்டர்தான்.

தும்பாவுக்கு ராக்கெட்டைக் கொண்டுவந்தவர் விக்ரம் சாராபாய். இஸ்ரோவை உருவாக்கியவராக அவரை உங்களுக்குத் தெரியும். 'ராக்கெட் பாய்ஸ்' தொடரைப் பார்த்திருந்தால் முகமும் நினைவுக்கு வரலாம். இந்தக் கட்டுரையில் அவர் வாழ்க்கையை வேறு ஒரு வழியாகப் பார்க்கலாம். இந்தியாவின் முதல் மின்னணு இசை ஸ்டூடியோ உருவானதும் அவருடைய குடும்பத்தின் முயற்சியில்தான். அதுவும் இஸ்ரோ பிறந்த அதே ஆண்டில்.

யார் வீட்டுப் பிள்ளை?

1919 ஆகஸ்ட் 12, அகமதாபாத். அப்பா அம்பாலால் சாராபாய் காலிகோ மில்லின் உரிமையாளர். அம்மா சரளா தேவி. எட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் அனுப்பாமல், ஷாஹிபாக் பகுதியில் இருந்த தங்கள் 'ரிட்ரீட்' மாளிகையிலேயே மாண்டிசோரி முறையில் ஒரு பள்ளியை நடத்தினார்கள். காந்தி, தாகூர் எல்லாம் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர்கள்.

பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் அந்த எட்டுப் பேரும் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றும். மூத்தவர் மிருதுளா சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். அண்ணன் கௌதமும் தங்கை கிராவும் 1961-ல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தை (என்.ஐ.டி) கட்டி எழுப்பினார்கள். விக்ரமைவிட மூன்று வயது இளையவரான கீதா இசையை எடுத்துக்கொண்டார். அதிலும் பெண்கள் வாசிப்பது அபூர்வமாக இருந்த பக்வாஜ் மேளத்தை. நம் ஊர் மிருதங்கத்துக்கு அது வடக்கத்திய உறவு.

விக்ரமுக்குச் சின்ன வயதில் இயந்திரங்கள் மீதுதான் ஆசை. வீட்டிலேயே பட்டறை இருந்தது. குஜராத் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். 1940-ல் இயற்கை அறிவியலில் டிரைபாஸ் முடித்தபோது உலகப் போர் மூண்டிருந்தது. ஊர் திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி.ராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

டிக் டிக் என்று எண்ணும் குழாய்

ராமனிடம் சேர்ந்த விக்ரம் எடுத்துக்கொண்ட விஷயம் காஸ்மிக் கதிர்கள். விண்வெளியில் இருந்து ஓயாமல் பூமிமேல் விழும் துகள்கள் இவை. அவற்றை எண்ணக் கெய்கர்-முல்லர் குழாய் தேவை. ஒரு துகள் உள்ளே புகுந்தால் ஒரு மின்துடிப்பு வரும். அந்தத் துடிப்பை ஒலிபெருக்கியில் கொடுத்தால் 'டிக்' என்று கேட்கும். அணு உலை பற்றிய எல்லாப் படங்களிலும் நீங்கள் கேட்டிருக்கும் சத்தம் இதுதான்.

ஒரு குழாயை மட்டும் வைத்தால் துகள் எந்தத் திசையில் இருந்து வந்தது என்று தெரியாது. எனவே குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரே நொடியில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணும்படி ஒரு சுற்றை அமைப்பார்கள். இன்று மாடுலர் சிந்தசைசர் வாசிப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் தினமும் பயன்படுத்தும் லாஜிக் மாடுல் இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டு துடிப்பு சேர்ந்து வந்தால் ஒரு தட்டு, இல்லாவிட்டால் மௌனம்.

1942-ல் விக்ரமின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. காஸ்மிக் கதிர்கள் காலத்தில் எப்படிப் பரவி வருகின்றன என்பதுதான் பொருள். தாளத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கேள்வி அதேதான்: இந்தத் தட்டுகள் தற்செயலா, ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா?

அதே ஆண்டு சென்னையில் அவருக்குத் திருமணம். மணமகள் மிருணாளினி. வழக்கறிஞர் சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள். இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் லட்சுமி இவருடைய அக்கா. மிருணாளினி நாட்டியக் கலைஞர். 1949-ல் அகமதாபாத்தில் 'தர்ப்பணா' நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார். ஆக, வீட்டில் ஒரு பக்கம் ஜதி, தங்கை பக்கம் பக்வாஜ், இவர் பக்கம் கெய்கர் குழாய்.

போர் முடிந்ததும் மறுபடி கேம்பிரிட்ஜ் போய் 1947-ல் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே இயற்பியல் ஆய்வுக்கூடத்தை (பி.ஆர்.எல்) தொடங்கிவிட்டார். வயது 28. அதன் முதல் இயக்குநர் கே.ஆர்.ராமநாதன். பாலக்காடு கல்பாத்தியில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணியாற்றிய வானிலை அறிஞர் அவர். தும்பாவுக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே திருவனந்தபுரத்தின் ஒரு இழை இந்தக் கதையில் நுழைந்துவிட்டது.

சோதனைக் கருவி எப்படி வாத்தியம் ஆனது?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்தக் கருவிகளைப் பார்த்துவிடலாம்.

ஒரு ஆம்ப்ளிஃபயரைச் செய்கிறீர்கள் என்று வெச்சுக்குங்க. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு சுத்தமான ஒலியலையை உள்ளே அனுப்பி, வெளியே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அலையைத் தரும் பெட்டிதான் ஆஸிலேட்டர் அல்லது சிக்னல் ஜெனரேட்டர். குமிழைத் திருகினால் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை எந்தச் சுருதி வேண்டுமானாலும் வரும். வெளியே வருவதைப் படமாகக் காட்டும் பெட்டி ஆஸிலோஸ்கோப். பொறியியல் கல்லூரி லேபில் இரண்டையும் பார்த்திருப்பீர்கள். ரெகார்டு நோட்டில் வரைந்தும் இருப்பீர்கள்.

ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் முதல் தயாரிப்பே இப்படி ஒரு ஆஸிலேட்டர்தான். 'ஃபேன்டேசியா' படத்துக்கான ஒலியமைப்பைச் சோதிக்க வால்ட் டிஸ்னி நிறுவனம் அதில் எட்டு வாங்கியது. அதுவரை அது வெறும் சோதனைக் கருவி.

1950-களில் ஜெர்மனியின் கொலோன் நகர வானொலியில் கதை மாறியது. இளம் இசையமைப்பாளர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன், அளவீட்டுக்காக வைத்திருந்த சைன் அலை ஜெனரேட்டரை வைத்து, ஒவ்வொரு தொனியாக டேப்பில் அடுக்கி இசை அமைத்தார். பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையும் அதே வழிதான். அங்கே சோதனை ஆஸிலேட்டர்களின் குமிழ்களைக் கையால் திருகித்தான் மெட்டுகள் வந்தன.

கையால் திருகுவதுதான் பிரச்சினையும்கூட. ஒரு பாட்டுக்கு ஆயிரம் முறை யார் திருகுவது? 1964 வாக்கில் அமெரிக்காவில் ராபர்ட் மூக் இதற்கு விடை சொன்னார். குமிழைத் திருக மனிதக் கை வேண்டாம், மின்னழுத்தமே திருகட்டும். ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். ஆஸிலேட்டர், வடிகட்டி, மிக்சர் எல்லாம் தனித்தனிப் பெட்டி. கேபிளால் எதை எதனோடு இணைக்கிறீர்களோ, அதுதான் உங்கள் வாத்தியம். இதைத்தான் மாடுலர் சிந்தசைசர் என்கிறோம்.

மின்னழுத்தத்தால் சுருதியை மாற்றும் ஆஸிலேட்டர் மூக்குக்கு முன்பே இருந்தது. எங்கே? ராக்கெட்டுக்குள்ளே.

ராக்கெட் போட்ட சுருதி

புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியாகப் போகிறது. தும்பா அதற்கு மிக அருகே இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அந்த உயரத்துக்குப் போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே இறங்காது. ராக்கெட் மட்டும்தான் அங்கே புகுந்து வர முடியும். விக்ரம் இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்.

நிலம் சும்மா கிடைக்கவில்லை. மீனவக் குடும்பங்கள் வீடுகளையும், தாங்கள் கும்பிட்ட மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்து நகர்ந்தன. பிஷப் பீட்டர் பெர்னார்டு பெரேரா சபை மக்களிடம் கேட்டுச் சம்மதம் பெற்றுத் தந்தார். தேவாலயம் பணிமனை ஆனது, பிஷப் வீடு அலுவலகம் ஆனது. சைக்கிளில் ராக்கெட் பாகம் போகும் படத்தை எல்லோரும் ஷேர் செய்கிறோம். வீட்டைக் காலி செய்தவர்களின் படம் அவ்வளவாகச் சுற்றுவதில்லை.

அந்தத் தேவாலயத்தில் வேலை செய்ய, நாசாவில் பயிற்சி பெற்ற சில இளைஞர்கள் வந்தார்கள். அப்துல் கலாம் அவர்களில் ஒருவர். இன்னொருவர், சென்னை எம்.ஐ.டி-யில் படித்த ஆர்.ஆராவமுதன். டெலிமெட்ரியும் ராக்கெட்டைப் பின்தொடர்தலும் அவர் பொறுப்பு.

டெலிமெட்ரி எப்படி வேலை செய்தது? அந்தக் காலத்து ஆய்வு ராக்கெட்டுகளில் பரவலாக இருந்த முறை இது. வெப்பநிலை, அழுத்தம் என்று ஒவ்வொரு உணரியும் ஒரு மின்னழுத்தத்தைக் கொடுக்கும். அந்த மின்னழுத்தம் ஓர் ஆஸிலேட்டரின் சுருதியை ஏற்றி இறக்கும். ஒவ்வொரு உணரிக்கும் தனிச் சுருதி. தர அட்டவணையில் முதல் ஐந்து 400, 560, 730, 960, 1,300 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்து 7.5 சதவீதம் மேலோ கீழோ போகலாம். எல்லாத் தொனிகளையும் ஒன்றாகக் கலந்து, ஒரே ரேடியோ அலையில் ஏற்றிக் கீழே அனுப்புவார்கள். தரையில் டேப்பில் பதிவாகும். பிறகு வடிகட்டிகளை வைத்து ஒவ்வொரு தொனியையும் பிரித்து எடுப்பார்கள்.

மறுபடி எண்ணிப் பாருங்கள்: மின்னழுத்தத்துக்கு ஆடும் ஆஸிலேட்டர், மிக்சர், வடிகட்டி, டேப் ரெக்கார்டர். ஒரு மின்னணு இசை ஸ்டூடியோவுக்கு வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலும் இதேதான்.

இதைவிட அழகான ஓர் உதாரணம் 1964-ல் தும்பாவிலேயே நடந்தது. மேலே சொன்ன மின்னோட்டத்தை அளக்க, நைக்-அப்பாச்சி ராக்கெட்டுகளில் புரோட்டான் காந்தமானி அனுப்பப்பட்டது. ஹைட்ரஜன் நிறைந்த ஒரு திரவம், சுற்றிலும் கம்பிச்சுருள். சுருளில் மின்சாரத்தைச் செலுத்தி நிறுத்தினால், திரவத்தில் உள்ள புரோட்டான்கள் பம்பரம் தலையாட்டுவதுபோல ஆடும். ஆடும் வேகம் அங்குள்ள காந்தப்புலத்தின் வலிமையைப் பொறுத்தது. அந்த ஆட்டம் கம்பியில் ஒரு மெல்லிய தொனியாக வரும்.

தும்பா தரையில் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. கணக்குப் போட்டால் தொனி சுமார் 1,700 ஹெர்ட்ஸ். மனிதக் காது நன்றாகக் கேட்கும் சுருதி. ராக்கெட் 100 கிலோமீட்டர் ஏறினால், பூமியை விட்டு விலகுவதாலேயே அது 80 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். சுத்த ரிஷபத்தில் இருந்து ஷட்ஜத்துக்கு இறங்குவதைவிடக் கொஞ்சம் குறைவான தூரம். மின்னோட்டத்தைக் கடக்கும்போது அதோடு சில ஹெர்ட்ஸ் மட்டும் பிசகும். நல்ல தம்புராவில் நூலை நகர்த்திச் சரிசெய்யும் பிசகு மாதிரி, அவ்வளவு சின்னது. அந்தச் சில ஹெர்ட்ஸ்தான் கண்டுபிடிப்பு. வானத்தில் மின்சாரம் ஓடுவதைச் சுருதி பேதமாகத்தான் அந்த ராக்கெட் சொன்னது.

தங்கையின் ஸ்டூடியோ

இனி கீதாவிடம் போவோம். 1946-ல், 24 வயதில், அவர் நியூயார்க் போனார். மேற்கத்திய இசையின் தாக்கம் நம் இசையை என்ன செய்யும் என்ற கவலையோடு, அந்த இசையை முதலில் கற்றுக்கொள்ளலாம் என்று போனவர். அங்கே இசையமைப்பாளர் ஜான் கேஜைச் சந்தித்தார். ஒரு பண்டமாற்று ஒப்பந்தம்: கேஜ் அவருக்கு நவீன மேற்கத்திய இசை சொல்லித்தர, அவர் கேஜுக்கு இந்திய இசை சொல்லித்தந்தார். இசை மனதை அடக்கி அமைதியாக்கத்தான் என்று தன் குருவிடம் கேட்டதை கீதா சொன்னது, கேஜின் பிற்காலச் சிந்தனையையே திருப்பியது.

1964-ல் கேஜும், பியானோ கலைஞர் டேவிட் டியூடரும், மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழுவோடு உலகச் சுற்றுப்பயணத்தில் அகமதாபாத் வந்தார்கள். சாராபாய் குடும்பம்தான் வரவேற்றது. டியூடர் அப்போதே பியானோவை மெல்லக் கைவிட்டு, ஆம்ப்ளிஃபயர்களையும் தானே செய்த சுற்றுகளையும் வாத்தியமாக்கிக்கொண்டிருந்தவர்.

1969-ன் பிற்பகுதியில் அதே டியூடர் மறுபடி வந்தார், இந்த முறை வேலையாக. மூக் மாடுலர் சிந்தசைசர் ஒன்று என்.ஐ.டி-க்கு வந்திருந்தது. கீதாவும் கௌதமும் முன்னின்று அமைத்த ஸ்டூடியோவை அவர் பூட்டி, இயக்கிக் காட்டினார். கீதா, ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை அமைத்தார்கள்.

அதே 1969, ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ பிறந்தது. இந்த ஒற்றுமையை வைத்து விக்ரம்தான் சிந்தசைசரைக் கொண்டுவந்தார் என்று யாராவது ஃபார்வேர்டு அனுப்பினால் நம்பாதீர்கள். ஸ்டூடியோ தங்கை, அண்ணனின் வேலை. ஆனால் இரு பக்கமும் ஒரே ஆட்கள் நடமாடினார்கள் என்பது உண்மை. கலைஞர்களையும் பொறியாளர்களையும் இணைத்த ஈ.ஏ.டி என்ற நியூயார்க் அமைப்பில் டியூடர் நெருங்கிய பங்காளி. செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி கொண்டுபோகும் திட்டத்துக்கு நிகழ்ச்சி எப்படித் தயாரிப்பது என்று யோசிக்க, அதே அமைப்பை 1969-ல் அழைத்தவர் விக்ரம். அவர்கள் போய்ப் பார்த்த இடம் ஆனந்த் பால் கூட்டுறவுப் பகுதி.

மாட்டுக்காரர்களுக்கான டிவி நிகழ்ச்சிக்கு நியூயார்க் அவாண்ட்-கார்ட் கலைஞர்களா? இன்றைக்கு எந்த அரசு டெண்டரிலும் இது தேறாது.

கோவளத்தில் ஓர் இரவு

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் இறந்த பிறகு, அணுசக்தி ஆணையத் தலைவர் பொறுப்பும் விக்ரமிடம் வந்தது. அகமதாபாத்தில் ஆய்வுக்கூடம், பம்பாயில் அணுசக்தி, டெல்லியில் கூட்டங்கள், தும்பாவில் ராக்கெட். 1967 நவம்பரில் தும்பாவில் இருந்து முதல் ரோகிணி ராக்கெட் ஏவப்பட்டது. அதே ஆண்டு ஹைதராபாத்தில் ஈ.சி.ஐ.எல் தொடங்கியது. அளவீட்டுக் கருவிகளையும் மின்னணுச் சாதனங்களையும் இறக்குமதி செய்யாமல் இங்கேயே செய்வது அதன் நோக்கம். 1968 பிப்ரவரி 2-ல் இந்திரா காந்தி தும்பா தளத்தை ஐ.நா-வுக்கு அர்ப்பணித்தார்.

மூன்று முழுநேர வேலைகளை ஒரே ஆள் பார்த்தார் என்பதை நாம் பெருமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 1971 டிசம்பர் கடைசியில் அவர் தும்பா வேலைகளுக்காகத் திருவனந்தபுரம் வந்திருந்தார். தங்கியது கோவளம் ஹால்சியன் கோட்டையில். 30-ம் தேதி காலை, படுக்கையில் இறந்து கிடந்தார். வயது 52.

எது பிழைத்தது, எது மறைந்தது?

தும்பாவில் இருந்த மையங்களை ஒன்றாக்கி 1972-ல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் என்று பெயரிட்டார்கள். அவர் யோசித்த கல்வித் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டில் இருந்து ஓராண்டு, 2,400 கிராமங்களில் நடந்தது. பி.ஆர்.எல் இருக்கிறது. பழைய தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

அகமதாபாத் ஸ்டூடியோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன் பதிவுகள் 1972-ஓடு நிற்கின்றன. ராக்கெட்டுக்கு ஒரு துறை, பட்ஜெட் தலைப்பு, பயிற்சி பெற்ற அடுத்த தலைமுறை எல்லாம் இருந்தன. சிந்தசைசரைச் சுற்றி இருந்தது ஒரு சிறு நட்பு வட்டம். இரண்டிலும் சுற்று ஒன்றே என்பதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இரண்டையும் ஒரே துறையாகப் பார்க்கும் அலுவலகம் நாட்டில் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால், தும்பாவில் கழித்துப்போட்ட ஆஸிலேட்டர்கள் திருவனந்தபுரம் இசைக் கல்லூரிக்குப் போயிருக்கலாம். ஆசைதான்.

பழைய சோதனைக் கருவிகள் இப்போது இசைக்காரர்களிடம் மறுபடி மதிப்புப் பெற்றிருக்கின்றன. பெர்லினைச் சேர்ந்த ஹைன்பாக், ஆய்வுக்கூடங்கள் தூக்கிப் போட்ட கருவிகளை அடுக்கி 2020-ல் 'லேண்ட்ஃபில் டோட்டம்ஸ்' என்ற ஆல்பமே போட்டார். நீங்களும் முயலலாம். பழைய ஃபங்ஷன் ஜெனரேட்டர் ஒன்று கிடைத்தால், அதில் மின்னழுத்தத்தால் சுருதியை மாற்றும் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மாடுலர் சிந்தசைசரோடு கேபிள் போட்டு இணைக்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சிந்தசைசர் கீபோர்டில் ஒரு வோல்ட் கூடினால் சுருதி இரட்டிக்கும்: 220, 440, 880. சோதனைக் கருவிகள் பலவற்றில் ஒரு வோல்ட்டுக்கு இத்தனை ஹெர்ட்ஸ் என்று கூடிக்கொண்டே போகும்: 220, 440, 660. மேல் ஷட்ஜம் வர வேண்டிய இடத்தில் பஞ்சமம் வந்து நிற்கும். சிலர் அதைச் சரிசெய்வார்கள், சிலர் அதற்காகவே அந்தக் கருவியை வாங்குவார்கள். வெளியே வரும் சிக்னலை ஹெட்ஃபோனிலோ போனிலோ நேராகச் செருகாதீர்கள். அளவு அதிகம், காதும் போகும், கருவியும் போகும். குறைப்பான் வழியாக மிக்சருக்குக் கொடுங்கள். வால்வு காலத்துப் பெட்டி என்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே பல நூறு வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும்.

என்.ஐ.டி டேப்புகள் பல பத்தாண்டுகள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கிடந்தன. பிரிட்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடி எடுத்தார். 2020-ல் பிபிசி வானொலியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. 2023-ல் தேர்ந்தெடுத்த பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தன. அதில் ஜோஷிபுரா அமைத்த ஒன்றின் பெயர் 'ஸ்பேஸ் லைனர் 2001'. தும்பாவில் சின்ன ராக்கெட்டுகளை ஏவிக்கொண்டிருந்த காலத்தில், இந்தியாவுக்கென்று ஒரு செயற்கைக்கோள்கூட இல்லாதபோது, அகமதாபாத்தில் அமைத்த விண்வெளிப் பயண இசை அது.